பதினேழாவது முளை

மணி அடிக்கவில்லை. திரையில் பதினேழாவது முளையின் பொட்டு மட்டும் மூன்று தரம் மினுங்கி அடங்கியது.

மெர்வ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். மதியம் இரண்டு மணி. தகரக் கூரை வெயிலில் நெளிந்து முனக, ரோமம் கத்தரிக்கும் கொட்டகையிலிருந்து ஆட்டுப் பிசுக்கு வாடையும் செம்மண் புழுதியும் வலைக்கதவு வழியே வந்துகொண்டிருந்தன; ஈக்கள்கூடச் சத்தம் போடவில்லை.

காட்டு நாய் ஆட்டைக் கடித்துப் போடுகிறதென்று பண்ணை முதலாளி வேலியோரம் இருபத்திரண்டு முளைகளை அடித்து வைத்திருந்தார். மண்ணில் காலடி அதிர்ந்தால் முளைக்குத் தெரியும். அது கம்பியில்லாமலே அடுத்த முளைக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. கடைசியில் சமையலறைத் திரையில் பொட்டு நகரும், மணி அடிக்கும். முதல் முளை வாசல் கேட்டில். காவல் பார்ப்பது மெர்வ். ஆனால் கங்காரு தாண்டினாலும் ஆடு உரசினாலும் அடித்துத் தொலைக்கும் சாமானை அவன் நம்பவில்லை. நம்பியவன் கூட்டாளி க்ளெம்.

"நீ தூங்கினாலும் அது தூங்காதுடா கிழவா," என்பான். "நான் நொண்டிக்கிட்டு வந்தாலும் வீடு வரைக்கும் காட்டிக் குடுத்துரும்."

போன மாதம் வேலியின் கடைசியில் க்ளெமின் வண்டி நின்றுபோனது. வண்டி நின்றால் அதை விட்டு நகரக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். க்ளெம் நகர்ந்தான். முளைகளை நம்பி, ஒவ்வொன்றையும் பூட்ஸால் மூன்று தரம் உதைத்துக்கொண்டே நடந்தான். மூன்று மூன்றாக மினுங்கியதை மெர்வ் பார்த்தான். ரேடியோவில் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ஆடு முதுகு சொறிகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு மணியை அணைத்தான். ஆடு எண்ணி உதைக்காது. அது அவனுக்கு அப்போதே தெரியும். மூன்றாம் நாள் தேடிப் போனபோது பதினேழாவது முளையைக் கட்டிப்பிடித்தபடி செத்துக் கிடந்தான் க்ளெம்.

வெயிலில் முளைகள் வேலை செய்யவில்லை என்று போலீஸிடம் சொன்னான் மெர்வ். அன்று அணைத்த மணியை அதன்பின் போடவேயில்லை.

பதினாறு மினுங்கியது. மூன்று தரம். கொஞ்சம் ஓய்வு. பதினைந்து. கால் ஓய்ந்தவனின் நடை.

வாக்கிடாக்கி கரகரத்தது. நோரீன், க்ளெமின் மனைவி.

"யோவ் மெர்வ், இருக்கியா? ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு முளை எதுவுமே காட்டலையா? அவன் உதைச்சிருப்பான்யா. பூட்ஸ் முனை பிஞ்சு கிடந்துச்சு."

"எல்லாம் செத்துக் கிடந்துச்சு நோரீன்."

சொல்லி வாய் மூடவில்லை. பத்து மினுங்கியது.

"சத்தியமா?"

"சத்தியமா."

ஐந்து.

மெர்வ் வலைக்கதவுக்கு ஓடினான். வேலி நீளத்துக்கும் ஆள் இல்லை. புழுதி எழவில்லை. நாய் வீட்டுக்கடியில் ஊர்ந்து போய் மூச்சடக்கிக் கிடந்தது.

"சரி. நீ சொன்னா சரிதான்யா," என்றாள் நோரீன். "உன்னை விட்டா அவனுக்கு யாரு இருந்தா?"

இரண்டு.

சொல்லிவிடலாம். இப்போது சொல்லிவிடலாம். பொத்தானை அழுத்தினான்.

"நோரீன்..."

"சொல்லு."

மறுபடி பொத்தானை அழுத்தினான்.

"ஒண்ணுமில்ல. வெயிலு."

ஒன்று. கேட் சங்கிலி அசையவில்லை.

அதற்கு இப்பால் முளை கிடையாது. திரை வெறுமையாகக் கிடந்தது. மெர்வ் மேசையருகே உட்கார்ந்து மூச்சு விட்டான்.

வெந்த தோல் வாடை.

மேசைக்கடியில் உபரி முளை இருந்தது. அட்டைப்பெட்டியில், பிரிக்காத உறையில். பேட்டரி போடாதது.

பெட்டி உள்ளிருந்து பச்சையாக மினுங்கியது.

ஒரு தரம். இரண்டு தரம்.

குனிந்தான். மேசைத்துணி ஓரத்துக்குக் கீழே, முனை பிய்ந்த ஒரு பூட்ஸ், மூன்றாவது உதைக்கு மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.