சின்னக் கேஸ்

மதியம் பன்னிரண்டரைக்குச் சின்னி கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் கறுப்பு.

மாடி அறையின் ஓரத்து சோஃபாவில் நர்ஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். நைட் டியூட்டி முடிந்து விடிகாலையில் வந்தவள். பள்ளிக்கூடத்திலிருந்தே சின்னிக்குத் தோழி. அவள் வீட்டில் இரண்டு வாலுப் பிள்ளைகள். பகலில் கண்ணயர இந்த அறைதான் அவளுக்குத் தோது. ஒரு சாவி அவளிடமே இருந்தது.

சின்னி அண்ணனுக்குப் போன் போட்டாள். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து அரைமணியில் வந்தான். திருப்புளியை எடுத்துக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தவன் பின்னால் நகர்ந்தான்.

"கார்டைக் காணோம்."

"எந்தக் கார்டு?"

"கிராஃபிக்ஸ் கார்டு. கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க."

சின்னி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் கட்டாத வீடுகளை, கடைகளை, கட்டி முடித்தது போலவே படமாக வரைந்து காட்டுவது அவள் தொழில். அந்தப் படங்களுக்கு வெளிச்சமும் நிழலும் போட்டுக் கொடுப்பது அந்தக் கார்டுதான். சேமிப்பையெல்லாம் துடைத்துப் போட்டு வாங்கியது. ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவைப் படமாக்கி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மெஷின் ஏற்கெனவே ஆமை வேகம். ஏனென்று பார்க்கக் கடையிலிருந்து ஒரு ஆளை இன்று மாலை வரச் சொல்லியிருந்தாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "நேத்து ராத்திரி வரைக்கும் ஓடிச்சு. காலையிலேர்ந்து நான் சைட்ல. நீ கீழே. இங்கே இருந்தது யாரு?"

"அண்ணா, அவ அப்படிப்பட்டவ இல்லை."

"நான் யாரையும் சொல்லலையே. இருந்தது யாருன்னுதான் கேட்டேன்."

பேச்சுச் சத்தத்தில் நர்ஸ் எழுந்து உட்கார்ந்தாள். சின்னி அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"உன் பையைக் கொஞ்சம் காட்டேன்."

நர்ஸ் சோஃபாவிலிருந்து எழுந்து வந்தாள். பையை மேசைமேல் கவிழ்த்தாள். கசங்கிய யூனிஃபார்ம், சாப்பாட்டு டப்பா, சீப்பு, பிள்ளையின் ஒற்றைக் காலுறை. அவ்வளவுதான்.

"இதுக்குள்ள கைமாறியிருக்கும்," என்றான் அண்ணன், சுவரைப் பார்த்து.

சின்னி ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, மெஷினின் ஆமை வேகம், மாலை கடை ஆள் வருவது உட்பட எல்லாம் சொன்னாள். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. கூட ஒரு ஏட்டு. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்லை மேடம்," என்றாள் சின்னி.

"சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட, அண்ணன்கிட்ட, இவகிட்ட."

"ராத்திரி நீங்க பூட்டும்போது மெஷின் ஓடிச்சா?"

"இல்லை. நான் சாப்பிடக் கீழே போயிருந்தேன். அண்ணன் மெயில் அனுப்பணும்னு இங்கேயே இருந்தான். திரும்பி வரும்போது அவனே ஆஃப் பண்ணியிருந்தான்."

இன்ஸ்பெக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சத்தம் கேட்டீங்களா?"

"இல்லை."

"தொட்டீங்களா இதை?"

"எனக்கு அதுல எது முன்பக்கம்னே தெரியாது."

ஏட்டு இன்ஸ்பெக்டரின் காதருகே வந்தார். "சின்னக் கேஸ் மேடம். இந்தம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு கேள்வி கேட்டா முடிஞ்சுது."

இன்ஸ்பெக்டர் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாகங்களையெல்லாம் அடைத்து வைக்கிற இரும்புப் பெட்டியைக் கடைக்காரர்களும் கேஸ் என்றுதான் சொல்வார்கள். இது கறுப்பு நிறம். நான்கு பக்கமும் தகடு. கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம் போல அடக்கமாக இருந்தது.

"ஆமா ஏட்டு. ரொம்பச் சின்னக் கேஸ்," என்றார். பிறகு சின்னியிடம், "இதை யார் செலக்ட் பண்ணாங்க?"

"அண்ணன்."

"உங்களுக்குப் பிடிச்சுதா?"

அந்தக் கேள்வியைச் சின்னி எதிர்பார்க்கவில்லை. ஊராருக்கெல்லாம் படத்தில் அறை அலங்காரம் செய்து கொடுப்பவள், தனக்கென்று ஆசைப்பட்டுத் தேடிய ஒரே பொருள் அது. காற்று போக எது நல்லது, தூசியைத் தடுக்கும் வலை எதில் இருக்கிறது என்று படித்துப் படித்து, வெள்ளை நிறத்தில் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். முன்னால் வலை, பக்கத்தில் கண்ணாடி. தன் மேசையை வரைந்து, அதன்மேல் அந்தக் கேஸையும் வரைந்து அண்ணனிடம் காட்டியிருந்தாள்.

"நான் வேற பார்த்து வெச்சிருந்தேன். பெரிசு, கண்ணாடி போட்டது. அண்ணன் வேண்டாம்னுட்டான்."

அண்ணன் சிரித்தான். "மீன் தொட்டியா மேடம், உள்ளே வேடிக்கை பார்க்க? இது மேசையில இடத்தை அடைக்காது. நான்தான் பாகமெல்லாம் வாங்கி மாட்டிக் கொடுத்தேன்."

"கார்டையும் நீங்கதான் மாட்டினீங்களா?"

"இந்தக் கையாலதான்."

"உங்க தங்கச்சி பார்த்தாங்களா?"

"அவ கீழே வேலையா இருந்தா."

"மாட்டும்போது கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லையே. சட்டுனு உட்கார்ந்துடுச்சு."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீள அட்டைப்பெட்டி இருந்தது. "அது என்ன?"

"கார்டு வந்த பெட்டி," என்றாள் சின்னி. "வாரண்டிக்காக வெச்சிருக்கேன்."

ஏட்டு எட்டி எடுத்துக் கொடுத்தார். உள்ளே கறுப்பு ஸ்பாஞ்சு. கார்டு படுத்திருந்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் பழைய செய்தித்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, பள்ளத்தின் நீளத்துக்குச் சரியாக ஒரு பட்டை கிழித்தார். திறந்து கிடந்த கேஸுக்குள், கார்டு மாட்டுகிற துளையில் அதன் ஒரு நுனியை வைத்து, நீட்டிப் பிடித்தார்.

பட்டை முன்பக்கத் தகட்டில் இடித்து மடங்கியது. நான்கு விரற்கடை மிச்சம்.



"என் பொண்ணுக்கு இந்த மாதிரி ஒண்ணு சேர்த்தப்போ கடைக்காரர் முதல்ல கேட்டதே இதுதான். கார்டு எவ்வளவு நீளம்னு," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தக் கார்டு இந்தக் கேஸுக்குள்ள ஒரு நாளும் இருந்ததில்லை. இல்லாததை இன்னிக்குக் காலையில யாரும் திருட முடியாது."

"மேடம், திரையில அந்தக் கார்டோட பேரு வருமே," என்றாள் சின்னி.

"பேரை மாத்திக் காட்ட வழி இருக்கும்மா. நீளத்தை மாத்த வழியில்லை. உள்ளே இருந்தது ஏதோ ஒரு சின்னக் கார்டு. அதனாலதான் ஆமை வேகம். கண்ணாடி இருந்தா உள்ளே இருக்கிறது வெளியே தெரியும். அதனால தகடு. சாயங்காலம் கடை ஆள் திறந்தா மாட்டிக்குவோம்னு பயம். அதனால நேத்து நீங்க சாப்பிடப் போனப்போ அதுவும் வெளியே வந்துடுச்சு. பழி போட, தூங்கறதுக்கு ஒரு ஆள் தினமும் வர்றாங்க." அவர் அண்ணனை நேராகப் பார்த்தார். "சட்டுனு உட்கார்ந்துச்சுன்னீங்க. எதுங்க உட்கார்ந்துச்சு?"

அண்ணன் தன் தோள்பையை இழுத்துப் பிடித்தான். ஏட்டு அதை வாங்கித் திறந்தார். துண்டில் சுற்றியபடி உள்ளங்கை நீளத்தில் ஒரு கார்டு இருந்தது.

பெரிய கார்டு, அவனே ஒப்புக்கொண்டபடி, இரண்டு தெரு தள்ளி, அவன் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இருந்தது. ஏட்டு கதவைத் திறந்ததும் சின்னி வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசைமேல் வெள்ளைக் கேஸ். முன்னால் வலை, பக்கத்தில் கண்ணாடி. அவள் வரைந்து காட்டிய அதே கேஸ். அதற்குள் அவள் கார்டு, நீளம் முழுக்க நிம்மதியாகப் படுத்திருந்தது. திரையில் குழந்தைகள் பிரிவின் நடைபாதை. அவள் தேர்ந்தெடுத்த மஞ்சள் சுவர். கீழே, வரைந்து கொடுத்தது என்று, அண்ணன் பெயரில் ஒரு கம்பெனி.

"நான் முடிக்க மாட்டேன்னு காத்துட்டிருந்தியா?"

அண்ணன் தரையைப் பார்த்தபடி பேசினான். "வேலை பிடிச்சுட்டு வர்றது நான். வாசல் வாசலா நிக்கிறது நான். எல்லாரும் கேக்கிறது ஒண்ணுதான், தங்கச்சிதானே வரைவாங்கன்னு. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாமே."

சின்னி கண்ணாடிக்குள் இருந்த கார்டைக் காட்டினாள்.

"மெதுவா ஓடுதுன்னு சொன்னப்பெல்லாம் உன் ஃபைல்தான் கனம்னு சொன்னே. நான் நம்பினேன். என் கைதான் சரியில்லைன்னு நினைச்சு, வரைஞ்சதையெல்லாம் அழிச்சு அழிச்சுக் குறைச்சேன் அண்ணா."

இன்ஸ்பெக்டர் புகாரில் கையெழுத்து வாங்கினார். சின்னி ஒரே இழுப்பில் போட்டாள்.

மாலை டியூட்டி மாறும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். நர்ஸ் வழக்கம்போல வேகமாக வந்தாள். இவளைப் பார்த்ததும் நடை குறைந்தது.

"அண்ணன்தான்," என்றாள் சின்னி.

"ஏட்டு போன் பண்ணிச் சொன்னாரு. நீ சாப்பிட்டியா?"

"அவன் சொன்னதைக் கேட்டு நான்..."

"அவர் யாரையும் சொல்லலை. எனக்குக் கேட்டுச்சு. பையைக் காட்டச் சொன்னது நீ."

சின்னி அவள் கையைப் பிடித்தாள். நர்ஸ் உதறவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"நாளைக்குத் தூங்க வருவேல்ல?"

"பிள்ளைங்க சத்தம் ஒண்ணும் பெரிசில்லை. காதுல பஞ்சு வெச்சுக்கறேன்." நர்ஸ் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். "வார்டுல ஆள் காத்திருப்பாங்க."

படியேறி உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.