பாலனின் சிவப்புச் சப்பாத்து

"பாலன் சாமி நடக்கவே நடக்காதே, அதுக்கு எதுக்கும்மா சப்பாத்து?"

தமிழரசி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. இடது குதிகாலில் முள் குத்திப் புண்ணாகி, விரல்களை மட்டும் ஊன்றி நொண்டிக்கொண்டிருந்தாள். அன்று கிறிஸ்துமஸ். நிக்கோபாரின் கட்சால் தீவில், கரையோரத்துப் பழைய மாதா கோயிலில், பிள்ளை உயரத்துக்கு மரத்தால் செய்த குழந்தை இயேசு நின்றார். பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு கன்னியாஸ்திரீ கொண்டுவந்த சுரூபம். அவருடைய ஊரில், பாலன் ஏழை வீடுகளைத் தேடி நடப்பதால் சப்பாத்து தேய்ந்துபோகும் என்று வருஷத்துக்கொரு புதுச் சோடி அணிவிப்பார்களாம்.

கூட்டம் கலைந்ததும், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் அவள் அம்மா அமிர்தவல்லி அந்தச் சிவப்புச் சப்பாத்தைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு ராத்திரிக்கு. மகள் அதைப் போட்டபடியே தூங்கினாள்.

விடிந்ததும் மனம் உறுத்தியது. சப்பாத்தை மகளிடமே கொடுத்தனுப்பினாள்.

"கையிலயே கொண்டு போ கண்ணு, அழுக்காக்கிறாத. ஒருத்தரும் பாக்கிறதுக்கு முன்ன வச்சிட்டு ஓடி வந்திரு."

அது சுனாமி வந்த காலை.

பாலனைக் கடல் திருப்பிக் கொடுத்தது. பிள்ளையைக் கொடுக்கவில்லை.

இருபது வருஷமாக, மேட்டில் எழுப்பிய புதுக் கோயிலை அமிர்தவல்லிதான் கூட்டித் துடைக்கிறாள். முருகனைக் கும்பிடுகிற பொம்பிளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்குச் சிரிப்புதான் பதில். பாலன் வெறுங்காலோடு நிற்கிறார். எந்தச் சப்பாத்தை அணிவித்தாலும் மறுநாள் கழன்று கிடக்கிறது.

இந்த டிசம்பரில் தரை ஈரமாகத் தொடங்கியது.

"அக்கா, மாப்பைப் பிழிஞ்சு துடைக்கக் கூடாதா? உங்க முருகன் மலை ஏறிப் பழகினவரு. நான் விழுந்தா யாரு தூக்குவா?" என்றார் சிஸ்டர் சுசீலா.

"நான் இன்னும் தண்ணியே தொடல சிஸ்டர்."

"அச்சா, அப்ப பாலன்தான் துடைச்சாரு போல!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அமிர்தவல்லி குனிந்து பார்த்தாள். வாசலிலிருந்து சின்ன ஈரத் தடங்கள் வந்திருந்தன. வலது கால் முழுதாக. இடது காலுக்கு விரல்கள் மட்டும். மூன்றாவது பெஞ்சு வரை வந்து, திரும்பிப் போயிருந்தன. நேற்று இருட்டும் நேரத்தில் அவள் பீடத்தருகே நின்றிருந்தாள். முந்தாநாளும்தான். நாள்தோறும் அவள் நின்றிருந்தாள்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம். ஐந்து மணிக்கே இருட்டிவிடும் தீவில், பூசைக்கு வந்தவர்கள் கேக்கும் கையுமாகக் கலைந்த பின், ஜெனரேட்டர் இருமி நின்றது. அணைந்த மெழுகுவர்த்திகளின் புகைக்கு அடியிலிருந்து அழுகிய கடற்பாசியின் வாடை மெல்ல மேலேறி, பெஞ்சுகளைக் கடந்து, அவள் தொண்டைக்குள் உப்பாக இறங்கியது.

கதவு அசைந்தது.

சளக். இழுவை. சளக். இழுவை.

மூன்றாவது பெஞ்சருகே நின்றது. மூச்சுச் சத்தம் இல்லை. நீர் சொட்டும் சத்தம் மட்டும்.

ஓடிவிடலாம். வாசல் அந்தப் பக்கம்.

அப்போதுதான் அவளுக்குத் தன் குரலே கேட்டது. ஒருத்தரும் பாக்கிறதுக்கு முன்ன. அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. இருபது வருஷமாக எங்கே காத்துக்கொண்டிருந்ததோ. அவள்தான் பீடத்தருகே காவலுக்கு நிற்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

சுவர்ப்பக்கம் திரும்பினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா பாக்கல கண்ணு. வச்சிரு."

சளக். இழுவை. மிக அருகில். அவளைக் கடந்து. மரத்தின்மேல் ஈரத்தோல் உரசும் ஓசை. ஒரு கால். இன்னொரு கால்.

பிறகு எதுவும் இல்லை.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். பாலனின் கால்களில் சிவப்புச் சப்பாத்து. கடற்சிப்பிகள் ஒட்டிய, நீர் வழியும், அதே சோடி.

தரையைப் பார்த்தாள். தடங்கள் வாசலிலிருந்து பீடத்துக்கு வந்திருந்தன. பீடத்திலிருந்து அவள் முதுகுப்பக்கம் வந்திருந்தன.

வாசலுக்குத் திரும்பவில்லை.

முந்தானை பின்னால் கனத்தது. அதைப் பிடித்திருந்த சின்னக் கையிலிருந்து கடல் சொட்டிக்கொண்டிருந்தது.