பதில் இல்லாத நான்கு விநாடிகள்

மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது.

மடிக்கணினித் திரையில் ஒலி என்பது ஒரு பச்சைக் கோடு. யாராவது பேசினால் மலைத்தொடர் போல எழும்பும். பேசாதபோது தரையோடு படுத்துக்கொள்ளும். யோகப்பிரியா பத்து நிமிடத்துக்கு முன்புதான் அந்த நான்கு விநாடிகளைத் துடைத்திருந்தாள். இப்போது அதன் நடுவில், விரித்த போர்வைக்கு அடியில் யாரோ சுருண்டு படுத்திருப்பதைப் போல, ஒரு மேடு.

அழித்தாள். கோடு தட்டையானது. சன்னலுக்கு வெளியே மாட்டுப்பட்டி அணைப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து, பிற்பகல் மூன்று மணிக்கே தொழிலாளர் லயத்து வீடுகளின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கின் வாடையும், யார் வீட்டிலோ வறுபடும் கருவாட்டின் வாடையும், ஃபேக்டரியில் காயும் தேயிலையின் இனிப்பும் கருகலும் கலந்த வாடையும் அந்தப் பனியோடு சேர்ந்தே உள்ளே வந்தன. கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள்.

மேடு அங்கேயே இருந்தது.

அந்த நான்கு விநாடி என்னவென்று மலைக்குக் கீழே, தேனிப் பக்கத்தில் அவள் படிக்கும் கல்லூரியில், யாருக்கும் தெரியாது. இந்த எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். தினமும் காலை ஏழரைக்கு, வருகை எடுக்கும் மஸ்டர் கொட்டகை முன்னால் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சூப்பர்வைசர் வேல்முருகன் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவள் 'இருக்கேன்' என்பாள். வேலையில் இருந்த ஒருத்தி இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மூன்று காலை அவள் பெயரையும் வழக்கம்போலக் கூப்பிடுவார்கள். யாரும் பதில் சொல்லக் கூடாது. இருமக்கூடக் கூடாது. மூன்றாம் நாள் பதிவேட்டில் அந்தப் பெயரின் மேல் கோடு விழும். வருடக்கணக்காகப் பெயரைக் கேட்டதும் எழுந்து வந்தவளிடம், இனி நீ வர வேண்டாம், உன் வேலை முடிந்தது என்று சொல்ல அந்த மௌனத்தைத் தவிர அவர்களிடம் வேறு வழி இல்லை.

மாரித்தாயின் மூன்றாம் நாளை யோகப்பிரியா படம்பிடித்திருந்தாள். மாரித்தாய் பக்கத்து வீட்டுக்காரி. அவளைப் பற்றித்தான் பன்னிரண்டு நிமிட ஆவணப்படம். கடைசி ஆண்டு மாணவர்கள் எல்லோரும் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். படம் பாதியில் இருக்கும்போதே மாரித்தாய் காய்ச்சலில் போய்விட்டாள்.

முதல் திரையிடலை முப்பது பேர் பார்த்தார்கள். ஆசிரியர் மிக்கேல் சார் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, எங்கே சலித்தது, எங்கே புரியவில்லை என்று எழுதச் சொன்னார். "ஒருத்தர் சொன்னா அது அவரோட ரசனை. மூணு பேர் ஒரே எடத்தச் சொன்னா அங்க கை வை" என்பது அவர் பாடம். பதினான்கு தாள்கள் ஒரே இடத்தைச் சொல்லின. ஆடியோ கட் ஆகிறதா? அந்தப் பெயருக்குப் பிறகு ஏன் ஒன்றுமே நடக்கவில்லை? அந்த அம்மா அங்கே ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

அவள் விளக்கியிருக்கலாம். படத்தின் தொடக்கத்தில் இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தால் போதும். அது அன்றைக்கே தெரியும். ஆனால் போடவில்லை. 'அழுதிருப்பேன்' என்ற தாளை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு மாரித்தாயின் பழைய நேர்காணலைத் திறந்தாள். "நான் 'இருக்கேன்யா'ன்னு ஒரு கொரல் குடுத்தா எதிர்மலையில நிக்கவனும் திரும்பிப் பாப்பான்" என்று சொல்லிவிட்டு மாரித்தாய் அதில் சிரிப்பாள். யோகப்பிரியா சிரிப்பை வெட்டி எறிந்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, நான்கு விநாடியின் நடுவில் வைத்தாள்.

போன வியாழக்கிழமை இரண்டாம் திரையிடல். ஒரே கைதட்டல். மிக்கேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மாலை போடிமெட்டு வளைவுகளில் ஏறிய பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, அவள் சந்தோஷமாகத்தான் ஊர் வந்து சேர்ந்தாள். ஒரு இரவு முழுக்கத் தூங்கினாள். மறுநாளே அந்தச் சொல் உள்ளே எங்கோ குத்தத் தொடங்கியது. அதனால்தான் இன்று அதை எடுத்துவிட உட்கார்ந்திருந்தாள்.

கதவை யாரோ தள்ளினார்கள். கற்பகம். மாரித்தாயின் மகள், அம்மா போன பிறகு அம்மாவின் வேலையையும் அம்மாவின் பதிவு எண்ணையும் வாங்கிக்கொண்டவள். எஸ்டேட் பதிவேட்டில் எண் மாறாது, ஆள்தான் மாறும்.

யோகப்பிரியா மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள்.

"என்னத்தடி ஒளிக்க? மாப்பிள்ள போட்டோவா?"

"போக்கா. படிக்கிற வேல. டீ போடட்டா?"

"போடு. உங்கம்மா இல்லல்ல? அவுகட்டச் சொன்னா என்னைய மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவாக." கற்பகம் பலகையில் உட்கார்ந்து, ஈரத்தில் வெளுத்துச் சுருங்கியிருந்த விரல்களைத் தேய்த்தாள். "எங்கம்மா வந்திருக்கா, பிரியா."

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"வெள்ளிக்கெழமயிலருந்து. வெள்ளன அடுப்படியில அவ மொழங்காலு சொடுக்குற சத்தம் கேக்கு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? பயமெல்லாம் இல்ல. மொத நாளு சந்தோசமாத்தான் இருந்துச்சு, சொன்னா சிரிப்ப. பெறகு பாத்தா, மலையில எனக்கு முன்னாடி நெரையில கொழுந்து வெட்டிக் கெடக்கு. நேத்து என் சாக்கு நாப்பத்தாறு கிலோ. நான் வெட்டுனது அதுல பாதிகூட இருக்காது. கள்ளக் கொழுந்து வெட்டுதியாளான்னு வேலு அண்ணாச்சி கேலி பண்ணுதாரு."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"அவளால முடியல புள்ள. கால இழுத்து இழுத்து நடக்கா. மூச்சு வாங்குது. செத்த பெறகாவது உக்காருவான்னு நெனச்சேன். யாரு கூப்பிட்டா அவள?"

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது.

"தெரியலக்கா" என்றாள் யோகப்பிரியா.

கற்பகம் போன பிறகும் அந்தப் பொய் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. யோகப்பிரியா கேமராவின் மெமரி கார்டை எடுத்து மடிக்கணினியில் செருகினாள். அவள் கை வைக்காத பதிவு அதில் இருக்கிறது. அந்தக் காலையின் உண்மையான மௌனம் அதில் இருக்கிறது. அதை எடுத்து வைத்துவிட்டால் சரியாகிவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். சில்வர் ஓக் இலைகளிலிருந்து பனி சொட்டும் ஒலி, கம்பளிச் சட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி, பதிவேட்டின் தாள் புரளும் ஒலி, பிறகு வேல்முருகன் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிடும் குரல்.

"மாரித்தாய்."

சொட்டு. சொட்டு.

ஒரு முழங்கால் சொடுக்கும் சத்தம். மேட்டில் ஏறி வருகிறவளின் மூச்சு. நிற்கிறாள். மூச்சு வாங்குகிறாள். மைக்குக்கு மிக அருகில்.

"இருக்கேன்யா."

நேர்காணலில் இருந்த மிடுக்கு அந்தக் குரலில் இல்லை. கூப்பிட்டதால் வந்த குரல். அதற்குப் பின்னால், அவள் வெட்டி எறிந்த சிரிப்பும் வந்தது. பாதியில் இருமலாக மாறியது.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஓடினாள்.

வேல்முருகன் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது.

"பதினாலு பேரு தாள்ல எழுதிக் குடுத்தாங்கன்னு செத்தவ வாயத் தொறந்துவிட்டியா?"

"அவங்களுக்கு இது தெரியாது அண்ணாச்சி."

"ஒனக்குத் தெரியும்லா, தாயி."

அவர் பதிவேட்டைத் திறந்தார்.

"திரும்ப மூணு காலை கூப்பிடுதேன். எல்லாரும் வாய மூடி நிக்கட்டும். நீயும் வந்து நில்லு. அந்தக் கேமராவ வீட்டுல வச்சிட்டு வா."

மாரித்தாயின் பெயரை எழுத ஏட்டில் இடம் இல்லை. பழைய எண்ணிலேயே, கற்பகத்தின் பெயருக்கு மேலே, நெருக்கி எழுதினார். "ஒரு எண்ணுல ரெண்டு பேரு எழுதப்படாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "வேற என்ன செய்ய?"

"அண்ணாச்சி, கற்பகம் அக்காட்ட நான்தான்னு சொல்லிறாதீங்க."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பதிவேட்டை மூடினார்.

முதல் காலை, பெயர் கூப்பிட்டதும் பனிக்குள் எங்கோ ஒரு முழங்கால் சொடுக்கியது. வரிசையில் நின்ற அறுபது பெண்களும் அதைக் கேட்டார்கள். யாரும் அசையவில்லை. இரண்டாம் காலை வெறும் மூச்சு. அதுவும் ஏறி வருகிற மூச்சு இல்லை, இறங்கிப் போகிற மூச்சு. அன்று கற்பகம் வேலைக்கு மலையேறும் வழியில் ஓடிவந்து யோகப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு அடுப்படியில சத்தமே இல்ல புள்ள. போயிட்டு இருக்கா." அழுதுகொண்டே சிரித்தாள். "யாரு சொல்லி அண்ணாச்சி இதச் செய்தாரோ, அவுக நல்லா இருக்கணும்."

அந்தக் கையை எப்படி விலக்குவது என்று யோகப்பிரியாவுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் காலை. எதிரே நிற்பவள் நிழலாகத் தெரியும் அளவுக்குப் பனி.

"மாரித்தாய்."

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

ஒன்றும் இல்லை. கொட்டகைக்குக் கீழே ஓடும் ஓடைகூட நின்றுவிட்டதைப் போல.

வேல்முருகன் பேனாவை எடுத்தார். ஈரத்தாளில் பேனா முனை அழுந்தி இழுபட்டது. அகலமான கோடு; கீழே நெருங்கியிருந்த பெயரையும் தொட்டது. யாரோ மூச்சை விட்டார்கள். யோகப்பிரியாவின் தோள்கள் இறங்கின. முடிந்தது. சரியாகிவிட்டது. இனி அந்தப் படத்தை யாருக்கும் காட்ட மாட்டாள்.

அடுத்த பெயர்.

"கற்பகம்."

பதில் வரவில்லை.

யோகப்பிரியா திரும்பினாள். இரண்டடி தள்ளிக் கற்பகம் நின்றுகொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. உதடுகள் அசைந்தன. இருக்கேன்.

சத்தம் இல்லை.

"கற்பகம்."

இருக்கேன். கழுத்து நரம்பு புடைத்தது. இருக்கேன் அண்ணாச்சி. பக்கத்தில் நின்ற முருகேஸ்வரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். முருகேஸ்வரியின் தோள் அசையவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. வேல்முருகனின் கண்கள் வரிசையைத் துழாவி வந்தன. கற்பகத்தின் மேல் பட்டன. அவளைக் கடந்து, பின்னால் இருந்த பனிக்குள் தேடின.

வரிசையில் ஒரு பெண் மெல்ல விசும்பினாள். இறந்தவர்களுக்காக விசும்புவதைப் போல.

கற்பகம் திரும்பினாள். ஒருத்தி மட்டும் தன்னைப் பார்க்கிறாள் என்று கண்டுகொண்டாள்.

சொல்லு, என்றது அந்த வாய். பிரியா. நான் இருக்கேன்னு சொல்லு.

ஒரு சொல் போதும்.

ஒரு சொல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். இல்லாதவளுக்காகச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். இவள் இருக்கிறவளா? இத்தனை பேர் பார்க்காத ஒருத்தி. யார் இவள்?

"கற்பகம்" என்று வேல்முருகன் மூன்றாம் முறை கூப்பிட்டார். தாழ்ந்த குரலில். பதிலை எதிர்பார்க்காத குரலில்.

யோகப்பிரியாவின் கை தானாக எழுந்தது. தன் வாயைத் தானே அழுத்திப் பொத்திக்கொண்டது.

இரண்டடி தள்ளி, கண்களை அவள் முகத்திலிருந்து எடுக்காமல், கற்பகம் கத்திக்கொண்டே இருந்தாள். விரியத் திறந்த அந்த வாய்க்குள் பனி போய்க்கொண்டிருந்தது. வெளியே ஒன்றும் வரவில்லை.