முதல் குரல்

வேலாயுதம் எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தது 1961 செப்டம்பரில், ஒரு திங்கட்கிழமை காலை. சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டில் கீழே கறிக்கடை, மேலே வீடு. என் தகப்பனார் தொடங்கிய கடை அது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் கல்லாக உறைந்து வரும் மாட்டிறைச்சியை அறுத்து, தங்கும் விடுதிகளுக்கும் பட்டாளக் குடியிருப்புகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஓப்பீர் ரோடு மாதா கோயிலில் எங்கள் ஞானாதிக்கம் குடும்பம் என்றால் முன்வரிசை. இன்றும் அப்படித்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலாயுதத்துக்கு நாற்பது வயதிருக்கும். செம்பவாங் கப்பற்படைத் தளத்தின் இறைச்சிக் கிடங்கில் ஒன்பது வருடம் ரம்பம் ஓட்டியவன். கடைக்குள் நுழைந்ததும் என்னைக் கும்பிட்டுவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனான். சாக்குப் போர்த்தி நின்ற எலும்பு ரம்பத்தின் முன் நின்றான். சாக்கை எடுக்கவில்லை. முதலில் குனிந்து மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். அதற்குப் பிறகுதான் சாக்கைத் தொட்டான்.

"எத்தனை மாசமா ஓடல முதலாளி?"

"எட்டு மாசம்."

"ஏன்?"

"ஓட்ட ஆள் இல்ல."

மேலும் கீழுமாக இருந்த இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்தப் பல் வைத்த எஃகு நாடாவை அவன் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

சுவரில் நீல மையில் ஐந்து வரிகள் இருந்தன. மிஷினைக் கொண்டுவந்து பூட்டிய சீனர் சொல்லச் சொல்ல, என் தம்பி இஞ்ஞாசி தன் கையால் எழுதியவை. மோதிரம், கடிகாரம், கையுறை கூடாது. காப்புத் தகட்டைக் கறிக்கு ஒரு விரல் மேலே இறக்கு. தட்டையான பக்கம் கீழே இருக்கட்டும், துண்டு உருளக் கூடாது. கட்டையால் தள்ளு, கையால் தள்ளாதே. விசையை அணைத்தபின் இருபது எண்ணு, அதுவரை பற்கள் நின்றதாக நினைக்காதே.

ஐந்தாவது வரிக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தது.

"ஆறாவது ஒண்ணு இருந்திருக்கும் போல," என்றான் வேலாயுதம்.

"இல்ல," என்றேன்.

இஞ்ஞாசி அந்த ஜனவரியில் இதே ரம்பத்தில் மணிக்கட்டோடு கையை இழந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனான். கல்யாண மோதிரத்தைக் கழற்றாமல் வேலை செய்ததால் பற்களில் மாட்டிக்கொண்டது என்று மரண விசாரணையில் சொன்னேன். மோதிரமும் விரலில்தான் இருந்தது. அவனுடைய கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். பிடாடரி கல்லறையில் அடக்கம் செய்தோம்.

மூன்றாம் நாள் பிற்பகல் கணக்கு மேசையில் உட்கார்ந்திருந்தேன். பின்கட்டில் ரம்பத்தின் சத்தம் மெல்ல இறங்கி அடங்கியது. சற்றுக் கழித்து வேலாயுதம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"கூப்பிட்டீங்களா முதலாளி?"

"இல்லையே."

"உங்க குரல்தான் லா. எனக்குப் பின்னால, ஐஸ் ரூம் கதவுகிட்ட இருந்து கேட்டுச்சு."

"நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கல."

அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா பேரைத்தான் மாத்திக் கூப்பிட்டீங்க. யாரு முதலாளி இஞ்ஞாசி?"

என் தம்பியின் பெயரை நான் அவனிடம் சொன்னதில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தேகம் வந்தது. மேல்மாடியில் என் மனைவி பிலோமினம்மாளோடு தம்பியின் மனைவி அல்போன்சம்மாளும் இருந்தாள். விசாரணை முடிந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. காப்பியை மேசையில் வைப்பாள், போவாள். "அவரு மோதிரத்தோட ரம்பத்துக்கிட்ட நின்னதே கிடையாது" என்று கோயில் வாசலில் யாரிடமோ சொன்னதாக என் காதுக்கு வந்திருந்தது. இவளும் புதிதாக வந்தவனும் சேர்ந்து என் கடையை ஊர்வாயில் போடப் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மாடிப்படிக் கதவைப் பூட்டினேன். அன்றும் குரல் கேட்டது என்றான் வேலாயுதம். ஐஸ் ரூமுக்குள் புகுந்து, தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே, பேச்சைப் பதிவு செய்யும் கருவி எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். வெளியே வந்தபோது வேலாயுதம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முதலாளி, என்மேல சந்தேகமா? நான் வாயைத் தொறந்தா என் பொண்டாட்டியே சகிக்க மாட்டா. உங்க குரலைப் போய் நான் எப்படிப் போடுவேன்? அது சட்டாம்பிள்ளைக் குரல் லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"குரல் கேட்டா நீ என்ன செய்யுற?" என்றேன்.

"திரும்ப மாட்டேன். விசையை அணைப்பேன். இருபது எண்ணுவேன். அப்புறம்தான் திரும்புவேன். செம்பவாங்குல அட்மிரல் வந்து கூப்பிட்டாலும் அதான் முறை. ஓடுற நாடா நிக்குற மாதிரியே தெரியும் முதலாளி. கண்ணு ஏமாத்தும். அதனால கண்ணை அதை விட்டு எடுக்கவே கூடாது."

அன்றிரவு நான் தூங்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். பெண்கள் இருவரும் மெழுகுவர்த்தி ஏற்ற பிடாடரிக்குப் போயிருந்தார்கள். பகல் இரண்டு மணிக்கு மழை கொட்டியது. பின்கட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. முன்கதவைப் பூட்டினேன், மாடிப்படியைப் பூட்டினேன், ஐஸ் ரூம் கதவைத் தாழிட்டேன், சாவிகளை இடுப்பில் செருகினேன். மற்ற வேலையாட்களை முன்பே அனுப்பிவிட்டேன். கட்டடத்தில் நானும் வேலாயுதமும் மட்டும்.

"இன்னைக்கு நான் அறுக்குறேன். நீ என் முன்னால, என் கண்ணுல படுற மாதிரி நில்லு. வாயை மூடிக்கிட்டு," என்றேன்.

"உங்களுக்குப் பழக்கம் இருக்கா?"

"என் கடை இது."

"சரி முதலாளி. மோதிரம்."

என் விரலைக் காட்டினான். ரம்பத்தின் வலப்பக்கச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. மோதிரத்தைக் கழற்றி அதில் மாட்டினேன்.

விசையைப் போட்டேன். நாடா முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சில நொடிகளில் பற்கள் மறைந்து, அசையாத வெள்ளிக் கோடுபோல் ஆயிற்று. காப்புத் தகட்டை இறக்கி, துண்டைத் தட்டையாக வைத்து, கட்டையால் தள்ளினேன். எலும்பு அறுபடும்போது எழும் அந்தத் தீய்ந்த பல்லின் வாடை மூக்கில் ஏறியது. பத்து மாதமாக நான் கிட்டே நின்று முகராத வாடை.

வேலாயுதம் என் எதிரே, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான்.

முதுகில் குளிர் பட்டது.

ஐஸ் ரூம் கதவு திறந்துகொண்டது என்று தெரிந்தது. நானே தாழிட்ட கதவு.

"இஞ்ஞாசி."

என் குரல். பிசகே இல்லை. நான் தம்பியைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுக்காமல் வெட்டுவேன். அதே வெட்டு.

வேலாயுதத்தின் உதடுகள் அசையவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் கூப்பிட்டால் முதல் குரலுக்கே திரும்பி, முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொன்ன பிள்ளைக்கு அன்று சோறு இல்லை. என் தகப்பனாரின் குரலும் இதே குரல்தான். அறுபது வருடப் பழக்கம் என் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. கை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது.

"திரும்பாதீங்க!"

வேலாயுதம் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். மறு கையால் விசையை அணைத்தான்.

"நாடாவைப் பாருங்க. எண்ணுங்க. ஒண்ணு."

"ரெண்டு," என்றேன். "மூணு."

"இஞ்ஞாசி."

குரல் பக்கத்தில் வந்திருந்தது. ஏழு. எட்டு. மழையின் சத்தம் கேட்கவில்லை. பதினொன்று. ஈரச் சிமெண்டில் செருப்பு உராயும் ஓசை. அது என் செருப்பின் ஓசை. பதினாறு.

"கூப்பிடுறது காதுல விழல?"

பிடரியில் மூச்சு பட்டது. ஐஸ் ரூம் காற்றைப் போல அத்தனை குளிர்ந்த மூச்சு.

பத்தொன்பது.

இருபது.

பற்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. நாடா நின்றது.

நான் திரும்பினேன், அவனும் நாடாவிலிருந்து கண்ணை எடுத்தான். கதவு திறந்திருந்தது. வெண்புகை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை.

வேலாயுதம்தான் முதலில் சுவரைக் காட்டினான். மழை ஈரத்தில் சுண்ணாம்பு பொரிந்து ஒரு முழ நீளத்துக்கு உதிர்ந்திருந்தது. ஆறாவது வரி நீலமாக, நேற்று எழுதியதுபோல் நின்றது.

யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. முதலில் நிறுத்து.

"யாரு முதலாளி இதை அழிச்சது?"

அந்த வரியை எழுதிய அன்று இஞ்ஞாசியிடம் நான் கேட்டது நினைவுக்கு வந்தது. "யார் கூப்பிட்டாலுமா? நான் கூப்பிட்டாலுமா?" அவன் சிரித்துக்கொண்டு, "மிஷினுக்கு அண்ணன் தம்பி தெரியாதுண்ணே," என்றான். வேலையாட்கள் நால்வர் முன்னால். அவன் கையில் சுண்ணாம்பு மட்டையைக் கொடுத்து, அவனையே அழிக்கச் சொன்னேன்.

ஜனவரியில் அந்தப் பிற்பகல் நான் ஐஸ் ரூம் வாசலில் நின்று கூப்பிட்டேன். ஒன்றுமில்லாத காரியத்துக்கு. அவன் திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். மூன்றாம் முறை, "கூப்பிடுறது காதுல விழல?" என்று கத்தினேன்.

"இதோ வந்துட்டேன் அண்ணே," என்று திரும்பினான்.

மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். மயங்கிக் கிடந்தவனின் கையை என் துண்டால் இறுக்கிக் கட்டினேன். தெருவில் ஆளைக் கூப்பிட ஓட வேண்டும். ஓடினேன். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். ஆணியில் தொங்கிய மோதிரத்தை எடுத்து, மேசையில் அறுந்து கிடந்த கையின் விரலில் மாட்டினேன்.

எதற்கு என்று அப்போது யோசித்ததாக நினைவில்லை. குடும்பப் பெயர் என்ற இரண்டு சொல் மட்டும் மனத்தில் இருந்தது.

பெண்கள் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள். பிலோமினம்மாள் மாடிக்குப் போய்விட்டாள். அல்போன்சம்மாள் பின்கட்டுக்கு வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய என் மோதிரத்தைப் பார்த்தாள்.

"அவரும் அங்கதான் மாட்டுவாரு," என்றாள். பத்து மாதத்தில் என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை.

வேலாயுதத்தை வெளியே போகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். அவள் அழவில்லை.

"எனக்குத் தெரியும் பெரியத்தான். கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில துணியைப் பிரிச்சுக் காட்டினப்பவே பாத்தேன். அவரு இடது கையிலதான் மோதிரம் போடுவாரு. அது வலது கை."



"அப்ப ஏன் விசாரணையில சொல்லல?"

"நீங்க பைபிள் மேல கை வச்சு நின்னீங்க. எங்க வீட்டுலயும் மூத்தவங்களை எதிர்த்துப் பேசுற மாதிரி என்னை வளக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கவனமில்லாத ஆளுன்னு அவரு பேருல எழுதியிருக்கு. எங்க கை வச்சுச் சொன்னீங்களோ அங்கயே போய் மாத்திச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவரு அடங்க மாட்டாரு."

"சொல்றேன்," என்றேன்.

சொல்லவில்லை. முதலில் மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். அதன் பிறகு கோயில் திருவிழாக் கமிட்டிக்கு என்னைத் தலைவராக்கினார்கள். அல்போன்சம்மாள் ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. வேலாயுதம் அதற்கு முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டான். "மிஷின் நல்ல மிஷின்தான் முதலாளி," என்று மட்டும் சொன்னான். ரம்பத்தைப் பழைய இரும்புக்குப் போட்டேன். அறுபத்து நான்கில் கடையை மூடி, குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக்கு வந்தோம். ஏழாவது மாடி. புதுச் சுவர், புதுத் தரை, எந்த ஆணியும் இல்லை.

குடிவந்த முதல் நாள் காலை, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "பிலோமினா, தண்ணி கொண்டா," என்றேன். அவள் சமையலறையில் இருந்தாள். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"இதோ வந்துட்டேன் அண்ணே."

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் யாரைக் கூப்பிட்டாலும், என் குரலுக்கு முதலில் வரும் பதில் அதுதான். பணிவான குரல். ஒரு தரம்கூடத் தாமதித்ததில்லை. கூடவே அந்தத் தீய்ந்த பல்லின் வாடை. மனைவிக்கு எதுவும் கேட்பதில்லை. வயதாகிவிட்டது என்று நினைக்கிறாள்.

ஆறு மாதமாக நான் யாரையும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமானால் எழுந்து போய்க் குடிக்கிறேன். எதையாவது சொல்ல வேண்டுமானால் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு வாய் அசைவுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

இன்று காலை ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள்.

நான் கூப்பிடவில்லை.

பிடரியில் குளிர் பட்டது.

"அண்ணே."

நான் திரும்பவில்லை. இருபதுவரை எண்ணினேன்.

எண்ணி முடித்த பிறகு, அவன் மறுபடியும் கூப்பிட்டான்.