வெந்நீர்த் தொட்டி காட்டிய இருபத்து நான்கு

மாலை ஆறரை மணி. ஓய்வுபெற்ற பொறியாளரின் வலக்கால் முழங்கால்வரை வெந்து சிவந்திருந்தது. மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டுப் போனார். வெளிநாட்டில் வாழும் மகளோ தொலைபேசியிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: குற்றவாளி, வீட்டோடு தங்கி அவரைக் கவனிக்கும் பணிப்பெண்! சாட்சி எதற்கு? விசாரணை எதற்கு? கூலிக்கு உழைப்பவள் ஒருத்தி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாளே, போதாதா?

பெண் ஆய்வாளர் குளியலறைக்குள் நுழைந்தார். தொட்டியில் ஆவி பறந்தது. அதன் திரையோ 24 டிகிரி என்றது. சுவரில் மாட்டியிருந்த அறை வெப்பமானியும் 24.

"நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேம்மா. வந்து பார்த்தா ஐயா தரையில கிடக்குறார்," என்றாள் பணிப்பெண். "என்னை உள்ள தள்ளிடுவீங்களா? வெளிய வந்தாலும் அப்புறம் எந்த வீட்டுல என்னைச் சேர்ப்பாங்க?"

அடுத்திருந்த படுக்கையறையில், மேசைமேல் கிடந்த கைபேசி மகளின் குரலில் அலறியது. "நடிக்கிறா மேடம்! நம்பாதீங்க!"

முதியவர் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

ஆய்வாளர் தொட்டியின் பக்கமூடியைத் திறந்தார். குழாயையொட்டிய உறைக்குள் செருகியிருக்க வேண்டிய சென்சார், வெளியே அநாதையாகத் தொங்கியது. அதை ஒரு குவளை வெந்நீரில் நனைத்தார். திரையில் எண் விறுவிறுவென்று ஏறியது.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. தண்ணியை விட்டுட்டு அறைக் காத்தை அளந்திருக்கு. தண்ணி ஆறிப்போச்சுன்னு நம்பி ஹீட்டர் காய்ச்சித் தள்ளியிருக்கு."

"பார்த்தீங்களா? அவதான் பிடுங்கியிருக்கா!"

"இருங்க. தொட்டி கோளாறானா உங்க போனுக்குத் தகவல் வருமா?"

"வரும். இன்னிக்கும் வந்துச்சு. உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். இந்த மாசம் இது மூணாவது தடவை."

"மத்த ரெண்டு தடவை?"

"பேசி வச்சதும் தானா சரியாயிடுச்சு."

"இன்னிக்கு?"

"லீவு நாள். பசங்களும் பேசினாங்க. நேரம் போனதே தெரியல."

"கோளாறு இல்லாத நாள்ல எப்ப கூப்பிட்டீங்க?"

"வேலை மேடம்... அதுக்கெல்லாம் நேரமே கிடைக்கல."

ஆய்வாளர் கட்டிலருகே வந்தார். "பேச்சு முடிஞ்சதும் சரியாகுற கோளாறு எந்த மெஷின்லயும் கிடையாதுய்யா. பேசி முடிச்சவர், சென்சாரைத் திரும்பச் செருகத் தெரிஞ்சவர், இந்த வீட்டுல ஒருத்தர்தான். நீங்கதான் உருவினீங்க. இன்னிக்குப் பேரப்பிள்ளைங்க குரல் கேட்ட சந்தோஷத்துல திரும்ப மாட்ட மறந்துட்டு, தண்ணியில காலை வச்சுட்டீங்க."

முதியவர் மெல்லத் தலையசைத்தார்.

"அப்போ இவ்வளவு நேரம் ஏன் வாயைத் திறக்கல? ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போக இருந்தாளே!" என்றார் ஆய்வாளர்.

"விஷயம் தெரிஞ்சா மக இனிமே கூப்பிட மாட்டாளோன்னு பயம்மா." அவர் கைபேசியையே பார்த்தார். "இந்த வீட்டுல பேச ஒரு ஆள்கூட இல்லையே!"

பணிப்பெண் நிமிர்ந்தாள்.

"ரெண்டு வருஷமா அடுத்த அறையில இருக்கேனே. நான் யாருங்கய்யா?"