மடக்குவதா, வளைப்பதா?

அத்தை ஒரு வாரம் உட்கார்ந்து செய்த தாள் அது. பார்த்தால் சாதாரண பிளாஸ்டிக் தாள்தான். ஆனால் மேலே தொங்கிய புரொஜெக்டரிலிருந்து ஒரு யானைக்குட்டியின் படக்கதை அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. அத்தை மூலையை லேசாக அசைத்ததும் பக்கம் தானாகப் புரண்டது!

வாண்டு வாயைப் பிளந்தாள். "எப்படி அத்தை?"

"உள்ளே ரெண்டு மெல்லிசான பட்டை ஒட்டியிருக்கேன். தாள் வளைஞ்சா, அது உடனே கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடும்."

"கோள்சொல்லிப் பட்டை!"

அத்தை சிரித்துவிட்டார். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் இப்படித்தான். நாளைக்கு வரவேண்டிய கருவியை இன்றே மாதிரியாகச் செய்து, வெளியாட்கள் கையில் கொடுத்துப் பார்ப்பார்கள். இன்றைக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். தாள் இரண்டே இரண்டு. மாலைக்குள் ஐந்து பேரும் பார்த்து முடிக்காவிட்டால் இந்த வேலையையே நிறுத்திவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார்.

முதலில் உட்கார்ந்தவர் தையல்காரர். மேசைமேல் இருந்த அட்டையைப் படித்தார். 'மூலையை மடக்கவும்.'

மடக்கினார். மடக்கிய இடத்தில் நகத்தால் சர்ரென்று ஓர் இழுப்பு இழுத்தார்.

படக்!

பட்டை உடைந்தது. படம் அப்படியே நின்றது. அத்தை தலையில் கை வைத்தார்.

தையல்காரரின் முகம் சுருங்கிப்போயிற்று. "மடக்கச் சொல்லியிருந்துச்சு, மடக்கினேன். இதெல்லாம் தொடுற கை இல்லைங்க இது. நான் கிளம்புறேன்."

அடுத்து நின்ற தபால்காரர் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வாண்டு உடைந்த தாளை எடுத்துப் பார்த்தாள். "எவ்ளோ நேரா மடக்கியிருக்கீங்க மாமா! நான் ஸ்கேல் வெச்சாலும் கோணிக்கும்."

"முப்பது வருஷமா காலர் மடக்குறேன் பாப்பா. நகத்தால அழுத்தலேன்னா நிக்காது."

வாண்டு யோசித்தாள். பிறகு அத்தையிடம் திரும்பினாள். "நீங்க எப்படி மடக்கச் சொன்னீங்க?"

"இதோ, விரலை மடக்குற மாதிரி."

"அவர் காலரை மடக்குற மாதிரி மடக்கிட்டார். ரெண்டும் மடக்குறதுதானே அத்தை?"

அத்தை விரலைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். "அட! தப்பு அவர் கையில இல்ல. என் அட்டையில!"

வாண்டு பேனாவை எடுத்தாள். பழையதை அடித்துவிட்டுக் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'மூலையை மெதுவாக வளைக்கவும்.' அதற்குள் தையல்காரர் வாசலுக்கே போய்விட்டார். ஓடிப்போய் அவர் பையைப் பிடித்தாள்.

"மறுபடியும் நீங்கதான் மாமா முதல்ல."

"வேணாம்மா. இருக்கிறதே ஒண்ணு!"

"நீங்க செஞ்சு பார்த்தாத்தான் அட்டை சரியாயிடுச்சான்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் அத்தை. "உட்காருங்க."

தையல்காரர் தயங்கித் தயங்கி இரண்டாவது தாளின் மூலையை இரண்டு விரலால் பிடித்தார். வளைத்தார். ஒரு பக்கம் புரண்டது. இன்னும் கொஞ்சம் வளைத்தார். பக்கங்கள் படபடவென்று பறந்தன. விரலைத் தளர்த்தியதும் மெல்ல அடங்கின.

"அடேயப்பா! சொன்னபடி கேக்குதே!"

"இவ்வளவு பதமா எனக்கே வளைக்க வராது," என்றபடி அத்தை குறிப்பேட்டில் மளமளவென்று எழுதினார்.

தபால்காரரின் கைகள் எப்போதோ முன்பக்கம் வந்திருந்தன. ஒருமுறை இருமினார். யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை பலமாக இருமினார்.

"இருங்க சார்," என்றார் தையல்காரர், தலையை நிமிர்த்தாமலே. "யானைக்குட்டி சேத்துல மாட்டியிருக்கு. அதை வெளிய எடுத்துட்டுத் தரேன்."