நூறு சதவீதப் புகை

நாற்பது கோடிப் புகைத் துகள்களில் முப்பத்தாறு கோடியை வேதநாயகி திரையிலிருந்து மறைத்தாள். அழிக்கவில்லை. துகள்மீட்பிக் கணினியின் கணக்கில் அவை அப்படியேதான் இருந்தன. 'காட்டளவு' என்ற கட்டத்தில் நூறு என்றிருந்ததை மட்டும் பத்து என்று மாற்றினாள்.

ஒரு காலத்தில் சினிமாக்களுக்குத் தீயும் புகையும் செய்து கொடுத்தவள் அவள். இப்போது தூத்துக்குடி மீள்காட்சிக் கூடத்தில் வேலை. எங்கே விபத்து நடந்தாலும், சுவரில் படிந்த கரி, உடல்கள் கிடந்த இடம், கைக்கடிகாரங்கள் பதிந்து வைத்த அசைவுகள், குடும்பம் கொடுத்த படங்கள் எல்லாம் துகள்மீட்பிக்குப் போகும். அது ஒவ்வொரு துகளாகப் பின்னோக்கிக் கணக்கிட்டு, இறந்தவர்களின் கடைசி நிமிடங்களைத் திரும்ப நடத்திக் காட்டும். முதலில் குடும்பத்தார் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு விசாரணை மன்றம் அதே பதிவைப் பார்க்கும். வீட்டாருக்கு ஒன்று, மன்றத்துக்கு ஒன்று என்று யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்று வந்த சட்டம் அது.

இறால் ஆலையில் பிடித்த தீயில் பதினோரு பெண்கள் இறந்திருந்தார்கள். ஜெனோவா அவர்களில் ஒருத்தி, இருபத்திரண்டு வயது. அவளுடைய அப்பா சூசையப்பன், வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், மூன்று நாளாகக் கூடத்து வாசலிலேயே கிடந்தார்.

"எம்மவ ரொம்பத் துடிச்சாளாம்மா? அத மட்டும் சொல்லுங்க. மொகத்த ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

நூறு சதவீதத்தில் முகமே தெரியாது. வேதநாயகி ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாள். ஆறு நிமிடமும் திரை வெறும் கறுப்பு. அதனால்தான் குறைத்தாள். இப்போது மார்கழிப் பனி போன்ற புகைக்குள் ஜெனோவா நடந்தாள். சுவரைத் தடவினாள். கதவு இருந்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் திரும்பினாள். பிறகு மெல்ல உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

சூசையப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"தூங்குத மாரியில்லா இருக்கா" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வேதநாயகியைப் பார்த்துக் கும்பிட்டார்.

இதற்கு முன் அறுபத்திரண்டு குடும்பங்களுக்கு அவள் இப்படிச் செய்திருக்கிறாள். அத்தனை பேரும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அளவுகள் எழுதிய தாள் பதிவோடு சேர்ந்தே போகிறது, வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள். யாரும் படித்ததில்லை.

ஆலையில் புகைபோக்கும் விசிறிகள் ஓடவில்லை என்பதுதான் வழக்கு. விசாரணை மன்றத்தில் ஆலையின் வழக்கறிஞர் பதிவைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரையருகே போனார்.

"கதவு இங்க இருக்கு. பூட்டலை. அந்தப் பொண்ணு உக்காந்தது இங்க. நடுவுல நாலடிகூட இல்லை. இவ்வளவு லேசான புகையில கதவு கண்ணுக்குத் தெரியாமலா போகும்? விசிறி ஓடியிருக்குன்னுதானே அர்த்தம்? வழி தெரிஞ்சும் அவங்க போகலை. அதுக்கு ஆலை என்ன செய்யும்?"

சூசையப்பன் எழுந்துவிட்டார். "தெரிஞ்சிருந்தா எம்மவ உக்காருவாளா சார்? வள்ளம் கவுந்தப்ப ரெண்டு மைலு நீந்திக் கரையேறுனவ அவ!"

"நீங்கதானே பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

சூசையப்பன் குழம்பிப்போய் வேதநாயகியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பேசாமல் இருந்தால் செத்த பெண்ணின் மேலேயே பழி விழும். பேசினால், இந்த மனிதர் பொத்தி வைத்திருக்கும் அந்த ஒரு முகமும் போய்விடும்.

அவள் எழுந்தாள். "புகை லேசா இல்லைங்க ஐயா. பத்துல ஒம்பது பங்கை நான்தான் மறைச்சேன். பெத்தவர் பார்க்கணுமேன்னு. இதுக்கு முன்னால அறுபத்திரண்டு வீட்டாருக்கும் இப்படித்தான் செஞ்சேன்."

மன்றத்தில் சத்தம் எழுந்து அடங்கியது. நூறில் காட்டும்படி நீதிபதி உத்தரவிட்டார். முந்தைய அறுபத்திரண்டு பதிவுகளையும் அந்தந்தக் குடும்பங்களுக்கு முழுப்புகையோடு மறுபடி காட்ட வேண்டும் என்றார். ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் வேதநாயகிக்கு நினைவிருந்தது.

திரை கறுத்தது. ஆறு நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. விசிறிகள் ஓடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. ஆலையின் வழக்கறிஞர் காகிதங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

சூசையப்பன் மட்டும் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல எங்கம்மா இருக்கா?"

வேதநாயகி போய், கறுப்பில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இங்கதான்யா."

அவர் கண்ணைச் சுருக்கி அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடச் சொல்லுங்கம்மா" என்றார். "மொதல்லருந்து."